ஐந்து நொடிப் படம்

ஏப்ரல் 22, செவ்வாய்

கை இன்னும் நாறுகிறது. மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று. அம்மா பிழிந்துபோட்ட எலுமிச்சைத் தோலை எடுத்துத் தேய்த்தேன். இப்போது எலுமிச்சை பிழிந்த அழுகிய முட்டை போல நாறுகிறது. முன்பு இருந்ததே தேவலை.

சித்தியின் ஆய்வகத்தில் இன்று இரண்டாம் நாள். பதினொன்றாம் வகுப்பில் எல்லோரும் விடுமுறையில் ஒரு வேலையிடத்தைப் பார்த்து இருபது பக்க அறிக்கை எழுத வேண்டும். என் பக்கத்து இருக்கைக்காரி ரொட்டிக் கடைக்குப் போகிறாள். வேலை முடிந்ததும் தின்னலாமாம். நான் அறிவியலைத் தேர்ந்தெடுத்தேன். அறிவியல் முட்டை நாற்றம் அடிக்கும் என்று எந்தப் புத்தகமும் சொல்லவில்லை.

புரதங்களை அளவு வாரியாகப் பிரிக்க ஜெல் என்ற வழுவழுப்பான பாளத்தில் ஓட்டுகிறார்கள். ஓட்டுவதற்கு முன் அவற்றின் முடிச்சை அவிழ்க்க ஒரு சாயக் கரைசல் கலக்க வேண்டும். நாற்றம் அதிலிருந்துதான். சித்தி மூக்கைச் சுளிக்கவே இல்லை. "ஒரு வாரம் போனா இதுவே உனக்கு வாசனையா இருக்கும்டி," என்றாள்.

சித்தியின் வேலையை என் சொற்களில் எழுதிப் பார்க்கிறேன், அறிக்கைக்கு உதவும். செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது. அதில் கொழுப்பை உடைத்து ஆற்றலாக்க உதவும் ஒரு நொதி இருக்கிறது. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது இருப்பதில்லை, அல்லது மிகக் குறைவாக இருக்கிறது. சித்தி, அந்த நொதியைச் செய்யும் மரபணுவை மட்டும் வெட்டி எடுத்த செல்களை வளர்க்கிறாள். நாக்அவுட் செல்கள் என்று பெயர். வளர்த்து, உடைத்து, சாறாக்கி, குழாய்களில் அடைத்து உறைய வைக்கிறாள். நொதி துளிகூட இல்லாவிட்டால் எப்படித் தெரியும் என்று மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்க்க அந்தச் சாறு வேண்டும்.

"ஊர்ல எல்லாரும் எதையாவது வளக்கறாங்க. நான் இல்லாததை வளக்கறேன்," என்றாள்.

இதை அறிக்கையின் முதல் வரியாக வைக்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

செல்களுக்கு ஊற்றும் இளஞ்சிவப்பு ஊட்டத் திரவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கக் கூடாது. பசுவின் வயிற்றிலேயே இருந்த கன்றின் ரத்தத்திலிருந்து எடுத்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினேன்.

சித்தி ஹூட்டில் வேலை செய்வதைப் பார்த்தேன். முன்பக்கம் கண்ணாடி வைத்த பெரிய பெட்டி. உள்ளே வடிகட்டிய காற்று ஓடும். கண்ணாடியில் சித்தியின் கையெழுத்திலேயே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: நாக்அவுட் முதலில், சாதாரணம் பிறகு. தனித்தனி பாட்டில். சாதாரண செல்கள் வேகமாகப் பெருகும். நாக்அவுட் செல்களுக்கு அந்த நொதி இல்லாததால் சோம்பல். வேகமானவை ஒரு துளி சோம்பலானவற்றின் குடுவைக்குள் போனாலும் கொஞ்ச நாளில் இடம் பிடித்துவிடும்.

இன்று சித்திக்குக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. சாதாரணக் குடுவைக்கு முதலில் ஊற்றினாள். அதே பாட்டிலிலிருந்தே நாக்அவுட்டுக்கும் ஊற்றினாள்.

"சித்தி, தாள்ல வேற மாதிரி போட்டிருக்கே?"

"அது புதுசா வர்றவங்களுக்கு. நான் பத்து வருஷமா பண்றேன்டி."

அனுபவம் என்பது இதுதான் போலிருக்கிறது. விதி கையிலேயே இருக்கும், தாளைப் பார்க்க வேண்டியதில்லை. சித்தியைப் போல ஆக வேண்டும்.

ஏப்ரல் 25, வெள்ளி

ஜெல்லில் பிரிந்த புரதங்களை ஒரு ஜவ்வுத்தாளுக்கு மாற்றி, தேடுகிற புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியை ஊற்றுவார்கள். அது கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க அந்தத் தாளைப் பால்பவுடர் கரைசலில் ஊற வைக்கிறார்கள். நேற்றையது புளித்து, திரிந்து, தட்டில் வழுவழுவென்று கிடந்தது. கழுவியது நான். பால், தயிர் இரண்டையும் வாழ்க்கையிலிருந்து நீக்குகிறேன்.

மே 2, வெள்ளி

கண்ணாடிக் குடுவைகள் கழுவும் அக்கா என்னைக் கேலி செய்வதையே வேலையாக வைத்திருக்கிறார். "பாப்பா, நீ படிக்க வந்தியா, மோப்பம் பிடிக்க வந்தியா? எதை எடுத்தாலும் முதல்ல மூக்குக்குத்தான் போகுது." எல்லோரும் சிரித்தார்கள். சித்தியும்.

பிறகு சித்தி நுண்ணோக்கியில் நாக்அவுட் செல்களைக் காட்டினாள். நீள நீளமாக, சோர்ந்துபோய்ப் படுத்திருந்தன. ஒரு மூலையில் மட்டும் கொஞ்சம் உருண்டையாக, நெருக்கமாக, சுறுசுறுப்பாக ஒரு கூட்டம். "இதுங்க வேற மாதிரி இருக்கே?" என்றேன். சித்தி குனிந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். "உனக்குக் கண்ணு நல்லா இருக்கு," என்றாள். பிறகு, "இந்தத் தொகுப்பு மத்தவங்களுக்குப் போகும்போது கூட அனுப்பற நன்றிப் பக்கத்துல உன் பேரையும் போடறேன்," என்றாள்.

அச்சில் என் பெயர். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே எழுத்துக்கூட்டிக்கொண்டு வந்தேன்.

மே 12, திங்கள்

செல்களை உடைத்தோம். குளிர்ந்த கரைசலை ஊற்றி ரப்பர் கத்தியால் சுரண்டினால் எல்லாம் திரண்டு மூக்குச்சளி போல இழுபடுகிறது. அந்த இழைதான் டிஎன்ஏ. புத்தகத்தில் எவ்வளவு அழகான ஏணி. நேரில் சளி. சுழல வைத்து, சளியை ஒதுக்கி, தெளிந்த சாற்றை நாற்பது குழாய்களில் நிரப்பினோம். மூடியில் எண் எழுதியது நான். நாற்பதும் ஒரே அளவு எழுத்தில்.

இருபது குழாய் மருத்துவமனைக்கு. அங்கே எட்டு மாதக் குழந்தை ஒன்று. தொடையிலிருந்து பட்டாணி அளவு தசை எடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த நொதி சுத்தமாக இல்லை என்றால் ஒரு மருத்துவம், கொஞ்சமாவது இருக்கிறது என்றால் வேறு மருத்துவம். மாற்றிக் கொடுத்தால் குழந்தை தாங்காதாம். ஜெல்லில் குழந்தையின் தசைச் சாற்றையும் எங்கள் சாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். எங்கள் வரிசை வெறுமையாக இருக்கும். இல்லை என்றால் இப்படி என்று அது காட்டும்.

நான் எண் எழுதிய குழாய் ஒரு குழந்தைக்குப் போகிறது.

மே 13, செவ்வாய்

அனுப்புமுன் நாங்களே ஒரு முறை சோதித்தோம். இரண்டு வரிசை: சாதாரணம், நாக்அவுட். நொதி இருந்தால் ஆன்டிபாடி அதில் போய் ஒட்டி ஒளிரும். இருட்டுப் பெட்டிக்குள் கேமரா அதைக் கோடாகப் பிடிக்கும். எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோமோ அவ்வளவு மங்கலான கோடும் தெரியும்.

ஐந்து நொடி. சாதாரணத்தில் கறுப்புக் கோடு. நாக்அவுட்டில் ஒன்றுமில்லை. நான் கைதட்டப் போனேன்.

"ஒரு நிமிஷம் வெச்சுப் பாக்கணும், அதான் முறை," என்றாள் சித்தி. வைத்தாள்.

நாக்அவுட் வரிசையில் ஒரு கோடு. மங்கல்தான். ஆனால் அதே உயரம், அதே இடம்.

இருவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த மூலைக் கூட்டம் நினைவுக்கு வந்தது, அந்தப் பாட்டிலும். சித்திக்கும் வந்திருக்கும். முகம் அப்படி இருந்தது.

சித்தி அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். 'உறுதியாக அழிக்கவா?' என்று கணினி கேட்டது. ஆம் என்று அழுத்தினாள்.

"ஆன்டிபாடி சும்மா எங்கயாவது ஒட்டியிருக்கும். அஞ்சு நொடிப் படமே நல்லாத்தான் இருக்கு. அதையே வெச்சுடலாம்."

"சித்தி—"

"சாப்டியா நீ? போய்ச் சாப்பிடு."

போய்ச் சாப்பிட்டேன். அதுதான் — போய்ச் சாப்பிட்டேன். அம்மா கொடுத்தனுப்பியது முழுவதையும்.

மே 14, புதன்

காலையில் சித்தி கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டு பாட்டு முணுமுணுத்தாள். வீடு பக்கம் என்பதால் தினமும் சேர்ந்துதான் போகிறோம். பேருந்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். தோளை எடுத்துவிட வேண்டும் போலிருந்தது. எடுக்கவில்லை.

மே 16, வெள்ளி

குழாய்கள் போய்விட்டன. உலர்பனி போட்ட பெட்டியில், புகையப் புகைய. கூடவே ஒரு தாள்: ஐந்து நொடிப் படம், கீழே சித்தியின் கையெழுத்து. நன்றி என்ற இடத்தில் என் பெயர், சரியான எழுத்துகளில்.

மூன்று முறை படித்தேன். பெருமையாக இருந்தது. அப்புறம்தான் குமட்டியது. இந்த வரிசையில்தான் வந்தது, மாற்றி எழுதிப் பொய் சொல்ல விரும்பவில்லை.

இப்படி யோசித்துப் பார்த்தேன்: எங்கள் நாக்அவுட் வரிசையிலும் மங்கலாகக் கோடு. குழந்தையின் வரிசையிலும் மங்கலாகக் கோடு வந்தால்? இரண்டும் ஒன்று போல இருக்கும். அப்போது, 'நாக்அவுட் மாதிரியே இருக்கு, குழந்தைக்கு நொதி இல்லை' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் கொஞ்சம் இருக்கலாம்.

நான் சின்னப் பெண். எனக்கு என்ன தெரியும். சித்தி பத்து வருடம்.

எனக்கு எல்லாம் தெரியும்.

மே 20, செவ்வாய்

மருத்துவமனை ஆய்வகத்து அக்கா தொலைபேசியில் பேசினார். சித்தி ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டே குழாய்களை அடுக்கினாள்.

"மேடம், உங்க நாக்அவுட்ல மங்கலா ஒரு கோடு தெரியற மாதிரி இருக்கு. ரெண்டு தடவை ஓட்டிட்டேன்."

"எங்களுக்குச் சுத்தமா வந்துச்சே. படம் அனுப்பியிருக்கேனே. உங்க ஆன்டிபாடி பழசா இருக்கும். பால் சரியாக் கரைச்சீங்களா?"

"கரைச்சேனே... சரி மேடம், மறுபடி பாக்கறேன். தொந்தரவுக்கு மன்னிச்சுக்கங்க."

வைத்ததும் சித்தி சிரித்தாள். பெரிய சிரிப்பு இல்லை, மூக்கால் ஒரு காற்று. "பால் கரைக்கத் தெரியாதவங்களை எல்லாம் வேலைக்கு வெக்கறாங்க," என்றாள்.

திரிந்த பாலைக் கழுவியபோதுகூட இப்படி அருவருப்பு வரவில்லை. அது வெறும் பால்.

மே 21, புதன்

அம்மாவிடம் சொல்லலாம் என்று சமையலறை வரை போனேன். அம்மா சித்திக்குக் கொடுக்கத் தனியாக ஒரு டப்பாவில் கூட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். "அவளுக்கு ஜூன்ல வேலை நீட்டிப்பு வரணும். பாவம், அந்த யோசனையிலேயே உடம்பு பாதியாயிட்டா." திரும்பி வந்துவிட்டேன்.

நான் எழுதுகிற நாட்குறிப்பும் ஐந்து நொடிப் படம்தானா? வேண்டியது தெரிந்ததும் மூடிவிடுகிற படம்?

மே 23, வெள்ளி

நடந்ததை நடந்தபடி.

சித்தி ஹூட்டில் இருந்தாள், கையுறையோடு. தொலைபேசி அடித்தது. "நீ எடு," என்றாள் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து. எடுத்தேன்.

"மேடமா?"

"இல்லக்கா. அவங்க அக்கா பொண்ணு. லீவுக்கு வந்திருக்கேன்."

"ஓ, நன்றிப் பக்கத்துல இருக்கற பொண்ணா? நல்ல பேரு கண்ணு உனக்கு. மேடம்கிட்ட சொல்லிடு. நாலாவது தடவையும் அதே கோடுதான். புது ஆன்டிபாடி, புதுப் பால், எல்லாம் மாத்திட்டேன். தப்பு என் கைலதான் இருக்கணும். கேட்டா திட்டுவாங்க, இருந்தாலும் கேக்காம முடியல."

"தசை இன்னும் இருக்காக்கா?"

"இன்னும் ஒரு தடவைக்கு வரும். அதுக்கப்புறம் குழந்தை தொடைல திரும்பக் கீறணும். அவங்க அம்மா வெளில உக்காந்திருக்காங்க. தினம் வர்றாங்க. என் முகத்தையே பாக்கறாங்க."

என் பெயர் நன்றாக இருக்கிறதாம். தப்பு அவர் கையில் இருக்கிறதாம்.

"அக்கா, உங்க கைல தப்பில்ல," என்றேன். "ஒரு நிமிஷம் வெச்சுப் பாத்தப்ப எங்களுக்கும் அந்தக் கோடு வந்துச்சு."

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ நாற்காலியை இழுப்பது கேட்டது.

"நல்லாத் தெரியுமா உனக்கு?"

"நான் பக்கத்துல நின்னேன்."

"சரி. அந்தக் கடைசித் துண்டை நான் இப்போ தொட மாட்டேன். நீ வெச்சுடு கண்ணு. அழாத."

நான் அழவில்லை. அழுகிற மாதிரிப் பேசியிருக்கிறேன் போலிருக்கிறது.

சித்தி வந்தாள். "யாருடி?"

சொன்னேன். அவருக்குச் சொன்னதை அப்படியே சொன்னேன்.

சித்தி ஒவ்வொரு விரலாகக் கையுறையைக் கழற்றினாள். "உன்னை யாரு சொல்லச் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"ஜூன்ல எனக்கு என்ன இருக்குன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அந்த அக்கா மன்னிப்புக் கேக்கறாங்க சித்தி. தினம் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க. உனக்கு எப்படி — உனக்கு அருவருப்பா இல்லையா?"

சித்தி என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "உன்னை இடுப்புல வெச்சுத் தூக்கினேன்டி நான்," என்று மட்டும் சொன்னாள். பேருந்தில் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள்.

என்னை நினைத்தாலும் அருவருப்புதான். பத்து நாள். அந்தப் பத்து நாளில் அவர் நான்கு முறை தசையைச் செலவழித்துவிட்டார். அச்சில் ஒரு பெயருக்காக நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

மே 26, திங்கள்

ஆய்வகத்தின் தலைவரை எல்லோரும் பெரிய மேடம் என்பார்கள். மருத்துவமனையிலிருந்து அவருக்குத் தகவல் வந்திருந்ததாம், காலையிலேயே சித்தியை அறைக்குக் கூப்பிட்டார். ஒரு மணி நேரம். கண்ணாடிக் கதவு, சத்தம் வரவில்லை, சித்தியின் முதுகு மட்டும் தெரிந்தது. குடுவை கழுவும் அக்கா என் பக்கத்தில் வந்து நின்று, முதல் தடவையாகக் கேலி செய்யாமல் திரும்பிப் போனார்.

பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

"நீ பாத்ததை மட்டும் சொல்லும்மா. நினைச்சது வேண்டாம்," என்றார் பெரிய மேடம்.

படத்தைச் சொன்னேன். அழித்ததைச் சொன்னேன். அவர் கேட்காததையும் சொன்னேன்: ஏப்ரல் 24, ஒரே பாட்டில், சாதாரணம் முதலில். தேதி எப்படி நினைவிருக்கிறது என்று கேட்டார். நாட்குறிப்பு எழுதுகிறேன் என்றேன். சித்தி அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எதிரில் பல்லி விழுந்தால் பார்ப்பது போல.

"கலந்தது தப்பில்ல," என்றார் பெரிய மேடம் சித்தியிடம். "யாருக்கும் கலக்கும். என்கிட்ட வந்திருந்தா அன்னிக்கே கொட்டிட்டு, கலக்கறதுக்கு முன்னாடி உறைய வெச்ச பழைய செல் குழாயை எடுத்து வளத்திருப்போம். மூணு வாரம் அந்தப் பொண்ணை உன் தப்புக்கு அலைய விட்டிருக்க வேண்டாம்."

மூன்று வாரம் இல்லை, பத்து நாள். திருத்த வாயெடுத்து மூடிக்கொண்டேன்.

சித்திக்கு வேலை போகவில்லை. இரண்டு வருட நீட்டிப்பு மூன்று மாதமாகிவிட்டது. ஹூட்டில் என்ன செய்தாலும் பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மருத்துவமனைக்குக் கடிதம் சித்தியே எழுத வேண்டும், அந்த அக்காவின் பெயருக்கு.

மே 27, செவ்வாய்

என் கடைசி நாள். மீதிக் குழாய்களை அழித்தோம். ஒவ்வொன்றிலும் பிளீச் ஊற்றினால் நுரைத்து, மஞ்சளாகி, நீச்சல்குளமும் கெட்டுப்போன மீனும் கலந்தது போல ஒரு நெடி. கண் எரிந்தது. நல்லவேளை, இரண்டு பேருக்கும் எரிந்தது. யார் கண் எதற்காக என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

சித்தி மொத்தம் பேசியது: "மூடியைத் திற." இருபது தடவை.

ஜூன் 4, புதன்

பள்ளி திறந்தது. அறிக்கையைக் கொடுத்துவிட்டேன். பதினெட்டுப் பக்கம். நன்றிப் பக்கம் வைக்கவில்லை. ரொட்டிக் கடைக்காரி நாற்பது பக்கம், ஓரத்தில் வெண்ணெய்க் கறை. உன்னுடையது எப்படி இருந்தது என்று கேட்டாள். நாறியது என்றேன்.

ஜூன் 11, புதன்

"உங்க ரெண்டு பேருக்கும் என்னடி வந்துச்சு?" என்று அம்மா இன்றும் கேட்டாள். சித்தி அம்மாவிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சித்தி மூன்று வாரமாக எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூட்டு டப்பா குளிர்பெட்டியில் ஓரம் கறுத்துக் கிடந்தது, நான்தான் கொட்டினேன். நான் செய்தது சரி என்று ஒரு நாளைக்கு நாலு தடவை தோன்றுகிறது. ஐந்தாவது தடவை இடுப்பில் வைத்துத் தூக்கியது தோன்றுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்கும்? எதை எத்தனை நொடி வைத்துப் பார்ப்பது?

ஜூன் 22, ஞாயிறு

சித்தி வந்தாள். நான் என் அறையிலேயே இருந்தேன். கூடத்தில் அம்மாவோடு வெயில், மின்வெட்டு, முட்டிவலி எல்லாம் பேசினாள். பிறகு குரலை உயர்த்தினாள். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அக்கா, உள்ள இருக்கறவகிட்ட சொல்லு. பழைய குழாயிலேர்ந்து புதுசா வளத்து முடிச்சாச்சுன்னு."

"அவ உள்ளதான இருக்கா. நீயே சொல்லேன்."

"நீ சொல்லு."

அம்மா வாசலில் வந்து நின்று சொன்னாள். "எவ்ளோ நேரம் வெச்சுப் பாத்தாங்கன்னு கேளும்மா," என்றேன்.

அம்மா திரும்பிப் போய்க் கேட்டாள். "அஞ்சு நொடி, ஒரு நிமிஷம், பத்து நிமிஷம். மூணு தடவை ஓட்டியாச்சுன்னு சொல்லு."

"நான் என்னடி, தபால்காரியா?" என்றாள் அம்மா. ஆனாலும் வந்து சொன்னாள். சித்தி கூடத்திலிருந்தே இன்னொன்றும் சேர்த்தாள். இந்த முறை குரல் அவ்வளவு உயரவில்லை. "வியாழக்கிழமை அங்க அந்தக் கடைசித் துண்டை ஓட்டினாங்களாம். குழந்தைக்குக் கொஞ்சம் இருக்காம். கம்மிதான். ஆனா இருக்காம். மருந்தை மாத்திட்டாங்க."

நான் சொன்னேன்: "வாயால சொன்னாப் போதாது. படத்தைக் காட்டச் சொல்லு."

அம்மா முறைத்தாள். "பெரியவங்ககிட்ட பேசற பேச்சா இது?"

கூடத்திலிருந்து சித்தி, "அது கேக்கறது சரிதான்க்கா. குடு," என்றாள்.

அம்மா சித்தியின் கைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மூன்று படங்கள். ஒவ்வொன்றின் கீழும் நேரம், தேதி, சித்தியின் கையெழுத்து, பக்கத்தில் பார்த்தவரின் கையெழுத்து. பத்து நிமிடப் படத்தை விரலால் விரித்து விரித்துப் பெரிதாக்கினேன். சாதாரண வரிசை எரிந்து கரிக்கட்டையாகத் தெரிந்தது. பக்கத்து வரிசையில், அந்த உயரத்தில், அந்த இடத்தில் தேடினேன். மேலே தேடினேன். கீழே தேடினேன்.

அம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "ஒண்ணுமே இல்லையேடி இதுல. இதுக்கா ஒரு மாசமா ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருந்தீங்க?"

"ஆமா," என்றேன்.

கைபேசியை அம்மா கேட்டாள். கொடுக்கவில்லை. நானே கொண்டுபோய்ச் சித்தியிடம் கொடுத்தேன்.